யாரும் படிக்காத கட்டம்

கும்மிடிப்பூண்டி
9.7.2025, புதன்

அன்புள்ள ஜெனிபருக்கு,

பென்னி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று உன் அம்மா சொல்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் போன் ஒன்பது நாளாக அணைந்து கிடக்கிறது. உன் அம்மா முத்தம்மா அத்தையின் போனுக்கு அடித்தால் "தூங்குதுப்பா", "குளிக்குதுப்பா", "ஜெபத்துல கீதுப்பா" என்று ஏதாவது ஒன்று. ஒரு நாளில் இத்தனை தடவை நீ குளிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கடைசியாக எழுதிய கடிதம் பாலிடெக்னிக்கில் கொடுத்த விடுப்புக் கடிதமாகத்தான் இருக்கும்.

நேற்று உன் தம்பி சாம்சன் பேசினான். வரும் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டாடா ஏஸ் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறானாம். பீரோ, தையல் மெஷின், உன் துணிமணி எல்லாவற்றையும் திருவாலங்காட்டுக்கு ஏற்றிப்போகப் போகிறார்களாம். "அக்கா இனிமே அங்க வராதுன்னு நைனா சொல்லிச்சி மாமா. நான் இன்னா பண்றது, எனக்கும் பேஜாராத்தான் கீது" என்றான். உன் அப்பா என்னிடமே பேசியிருக்கலாம். நீ பேசியிருக்கலாம். நாலு வருஷக் குடித்தனத்தைத் தம்பியை விட்டா முடித்துவைப்பார்கள்?

நான் அடித்தேனா? குடித்தேனா? கத்தினேன், அது உண்மை. ஏன் கத்தினேன் என்று உன் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாய். நான் வரிசையாகச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்து.

மார்ச் பதினொன்றாம் தேதி எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆபரேஷன் ஆகி வந்து நீ படுத்தாய். யாராக இருந்தாலும் படுக்கத்தான் செய்வார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டு நீ துடித்தபோது யூடியூபில் பார்த்து இரண்டு முட்டைகோஸ் வாங்கி வந்து, இலையைக் குளிர வைத்து மார்பில் வைத்துக்கொள்ளக் கொடுத்தவன் நான்தான். "மீதிய இன்னா பண்றது, பொரியலா?" என்று கேட்டாய். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டாள், இனிச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. ஈஸ்டருக்குக்கூட நீ கோயிலுக்கு எழவில்லை. மறுநாள் திங்கட்கிழமைதான் நான் அந்த செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தேன். மில்லில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் தொங்குமே, ஆயுத பூஜைக்கு வந்தபோது நீகூடப் பார்த்திருக்கிறாய். கம்ப்ரஸருக்கு வைத்திருந்ததை எடுத்து, கட்டங்களை மட்டும் மாற்றி அச்செடுத்தேன். ஆறு மணிக்கு எழுவது, குளியல், நாஷ்டா, சத்து மாத்திரை, இருபது நிமிடம் நடை, நான் அனுப்பும் உற்சாக வீடியோ ஒன்று பார்ப்பது, ஜெபம். இயந்திரத்தின் பெயர் என்ற இடத்தில் 'ஜெனி' என்று போட்டேன். சிரிப்பாய் என்று நினைத்துத்தான் போட்டேன். மாதத்துக்கு ஒரு தாள், ஃபிரிட்ஜ் கதவில்.

உற்சாகம் வந்தால் எழுவேன் என்று படுத்திருந்தால் அது வராது, ஜெனி. எழுந்தால்தான் வரும். இருபத்தோரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும். நீயும் தினம் டிக் போட்டாய். ஒரு கட்டம் விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்து அந்தத் தாளைப் பார்ப்பேன். என் பெண்டாட்டி தேறிவிட்டாள் என்று மில்லில் நாலு பேரிடம் சொன்னேன்.

ஜூன் 28, சனிக்கிழமை. ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவன் பார்த்தேன். 29க்கும் 30க்கும்கூட டிக் போட்டிருந்தது. இன்னும் விடியாத நாளில் நீ எப்படி நடந்தாய்? எப்படிக் குளித்தாய்? பிறகுதான் மே மாதத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் மேலிருந்து கீழே போட்ட டிக். இரண்டு மாதமாக நீ படுக்கையை விட்டே எழவில்லை. என்னை முட்டாளாக்கியிருந்தாய். கத்தினேன். பிராடு என்றேன். நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய்: "நீங்க கேட்டது டிக்குதான?" அதற்குப் பிறகு பேசவே இல்லை. திங்கட்கிழமை நான் ஷிப்டு முடிந்து வரும்போது வீடு பூட்டியிருந்தது.

இதுதான் நடந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பொய் டிக் போட்டதை நீ சரி என்று சொல்ல முடியாது. எனக்கு மட்டும் காலை நாலு ஐம்பதுக்கு எழ ஆசையா? எனக்கும்தான் குழந்தை போனது. எழுந்து போகிறேன் இல்லையா?

இருபதாம் தேதிக்குள் போன் செய். ஒரு தடவை. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் கணவன்,
பென்னி


கும்மிடிப்பூண்டி
16.7.2025, புதன்

ஜெனி,

கடிதம் கிடைத்தது என்று சாம்சன் சொன்னான். நீ வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாயாம். படித்தாயா என்று அவனுக்குத் தெரியவில்லை. படித்திருந்தால் அதன் முடிவில் ஒரு வரியை அடித்துவிடு. எனக்கு மட்டும் ஆசையா என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதை.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதற்கு மறுநாள் அலாரம் அடித்தது. விழித்துக்கொண்டேன். எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. முகட்டில் மின்விசிறி ஓடுகிறது, பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். கம்பெனி பஸ் முனையில் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தது. போய்விட்டது. மின்சாரம் இருக்கிறது, சுவிட்ச் போட்டிருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. இந்த மாதிரிப் பழுதை நான் பார்த்ததில்லை.

வெள்ளியும் அப்படித்தான். சனியும். ஒரு பாக்கெட் ரொட்டியில் மூன்று நாள் ஓடியது. பல் விளக்கினேனா என்று நினைவில்லை. உனக்கு அனுப்பிய வீடியோக்களில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கோட்டு போட்ட ஒரு ஆள் எழு, எழு என்று கத்தினான். போனை அரிசி மூட்டையின் மேல் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த பிறகும் கத்திக்கொண்டிருந்தான். இப்படி அறுபது ஆட்களை உன் படுக்கைக்கு அனுப்பியிருக்கிறேன், தினம் ஒருவனாக.

ஷிப்டு இன்சார்ஜ் தணிகாசலம் சார் சனி மாலை போன் செய்தார். "இன்னாப்பா பென்னி, அவனவன் பொண்டாட்டி ஊருக்குப் போச்சுன்னா ஜாலியா கீறான், நீ இன்னா கருமாதி ஊட்டுக்காரன் கணக்கா படுத்துகினு கீற? திங்கக்கெழம வர்லன்னா உன் எடத்துக்கு ரெண்டு பேரு பேப்பரோட நிக்கிறானுங்க" என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நான் உன்னிடம் பேசியதும் ஏறக்குறைய இதே குரல்தான்.

திங்கட்கிழமை போனேன். வைராக்கியத்தினால் இல்லை. முந்தின இரவு யூனிஃபாரத்தோடு, ஷூவோடு படுத்துக்கொண்டேன். பஸ் வந்ததும் உருண்டு இறங்கினேன். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு மூன்றாம் நம்பர் பம்ப் இறுகி நின்றுவிட்டது. இரும்பை உருட்டும் உருளைகளுக்குக் குளிர்விக்கும் தண்ணீர் போகாமல் மில்லையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அந்த பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் கலியன். கான்ட்ராக்ட் ஆள், உனக்குத் தெரியும், நம் கல்யாணத்தில் பந்தியில் மூன்று தடவை உட்கார்ந்தாரே, அவர்தான். தணிகாசலம் சார் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். "டெய்லி சரி, சரி, சரின்னு டிக் போட்டுகினு கீற, இன்னாத்தய்யா பாத்த?" என்று கேட்டார். நானும் பக்கத்தில் நின்று அதையே கேட்டேன்.

கலியன் போய் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். டிக் எல்லாம் இருந்தது. ஓரத்தில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பதினோரு நாளாக எழுதியிருந்தார். 'பம்ப் 3 சத்தம்.' 'பம்ப் 3 சத்தம் ஜாஸ்தி.' 'பம்ப் 3 சுடுது, யாராச்சும் வாங்க.' கீழே வாரக் கையெழுத்து என்னுடையது. "டிக்கு போடலன்னா சூப்பர்வைசரு திட்டுவான், அதுக்கோசரம் போட்றது. மெய்யாலுமே இன்னா கீதோ அத இங்கதான சார் எழுதறேன். இன்னாத்துக்கு இந்தக் கட்டத்த வச்சிகீறீங்க? எவன் படிக்கிறீங்க?" என்றார்.

யாரும் படிப்பதில்லை. பதினெட்டு வயதிலிருந்து இந்தத் தாள்களில் கையெழுத்துப் போடுகிறேன். ஆடிட் வந்தால்கூட டிக் விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தக் கட்டம் அச்சில் இருக்கிறது, அதனால் இருக்கிறது.

உன் தாளிலும் அந்தக் கட்டம் இருந்தது, ஜெனி. கம்ப்ரஸர் தாளிலிருந்து எடுத்ததால் அதுவும் கூடவே வந்துவிட்டது. எடுத்துப்போடக்கூட நான் மெனக்கெடவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் மூன்று தாளையும் தரையில் விரித்தேன். நீ பென்சிலில், எறும்பு மாதிரி, எழுதியிருக்கிறாய். டிக் பேனாவில், இது பென்சிலில்.

ஏப்ரல் 23: 'இன்றும் பால் கசிந்தது.'
மே 6: 'முட்டை அவித்தேன். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.'
மே 19: 'பாப்பாவை எங்கே வைத்தீர்கள்? கேட்டால் ஆறட்டும் என்பார்.'
மே 20: 'எந்தப் பக்கம் தலை?'
ஜூன் 2: 'முடி இருந்ததா?'
ஜூன் 3: 'முடி இருந்ததா?'
ஜூன் 17: 'நான் படிக்கட்டு வரை போனேன். இறங்கவில்லை.'
ஜூன் 26: 'இவர் இதைப் படிப்பதே இல்லை.'

ஒவ்வொரு ஞாயிறும் கீழே 'சரிபார்த்தவர்: பென்னி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது கையெழுத்து.

நான் ஏன் சொல்லவில்லை என்று எழுதிவிடுகிறேன். உனக்கு மயக்கம் தெளியவில்லை. பார்த்தால் அந்த முகம் மறக்காது, காட்டாமல் கொண்டுபோய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சரியென்று பட்டது. நானும் சாம்சனும் ஒரு துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனோம். பிறகு நீ இரண்டு தடவை கேட்டாய். ஆறட்டும், அப்புறம் போகலாம் என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மை அது இல்லை. எனக்கு அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. செக்லிஸ்ட் போடத் தெரிந்தது, போட்டேன்.

முடி இருந்தது. நிறைய. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. உன் முடிதான், சுருட்டை. காதோரம் கொஞ்சம் தனியாகச் சுருண்டிருந்தது. நகம்கூட இருந்தது. வேறு என்ன கேட்க வேண்டும் என்றாலும் கேள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன்.

எங்கே என்பதற்குப் பதில் இதில் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தை நேற்று இரவு அவர்களாகவே போன் செய்தார்கள். நீ இரண்டு நாளாகக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்று அழுதார்கள். "எம் பொண்ணு என் கண்ணு முன்னாலயே போய்டும்போல கீதுப்பா" என்றார்கள். நான் என்ன சொல்வது? எழுந்து சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லவா? இனி அந்த வார்த்தை என் வாயில் வராது. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள் அத்தை என்றேன்.

ஜெனி, எனக்குப் பயமாக இருக்கிறது.

பென்னி


கும்மிடிப்பூண்டி
20.7.2025, ஞாயிறு

ஜெனி,

சாம்சன் கீழே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கலியனும் உதவிக்கு வந்திருக்கிறார். "இன்னா சார் இது, பீரோவா, இல்ல மில்லுலேர்ந்து ஒரு உருளையத் தூக்கினு வந்து வச்சிகினியா?" என்று மூச்சு வாங்குகிறார். தையல் மெஷினை நானே பழைய போர்வையில் சுற்றிக் கட்டினேன். ஊசியைத் தனியே கழற்றி டப்பாவில் போட்டிருக்கிறேன். எதையும் நான் பிடித்து வைக்கவில்லை. எல்லாம் உன்னுடையது. இந்தக் கடிதத்தைச் சாம்சன் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பொன்னேரிக்கு இந்தப் பக்கம், எங்கள் அப்பா ஊரில், சபைக் கல்லறைத் தோட்டம். கேட்டிலிருந்து பாப்பாவை வைத்த மூலை முப்பது அடிகூட இருக்காது. போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெளியே போனேன், டீ குடித்தேன், திரும்ப வந்தேன். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா, இன்னாப்பா தேடற என்று கேட்டார். அதன்பிறகுதான் உள்ளே நுழைந்தேன்.

ஞானஸ்நானம் ஆகாத குழந்தை என்று மதில் ஓரமாகத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நெல் வயல். அன்று மண் தள்ளி மூடியதும் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஒரு குச்சி நடவில்லை, ஒரு கல் வைக்கவில்லை. மில்லில் ஒரு கேபிள் புதைத்தால்கூட மேலே பலகை வைக்கிறவன் நான்.

இப்போது அந்த மூலையில் இரண்டு சின்ன மேடு இருக்கிறது. மே மாதம் வேறு ஒரு வீட்டுக் குழந்தையையும் அங்கேதான் வைத்தார்களாம். மழை பெய்து இரண்டிலும் ஒரே மாதிரி புல் முளைத்திருக்கிறது. ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியாரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எது நம் பாப்பா என்று எனக்குத் தெரியவில்லை, ஜெனி.

இன்று காலை சாம்சன் வந்ததும், சாமானைத் தொடுவதற்கு முன்னால், அவனிடம் இதைத்தான் கேட்டேன். போனில் எடுத்துவந்த போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இதுவா அதுவா தெர்ல மாமா. அன்னிக்கு நான் அழுதுகினே இருந்தேன், ஒண்ணுமே பாக்கல" என்றான். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை நீ திட்டாதே. அவனுக்கு இருபது வயது.

ஏதோ ஒன்றைக் காட்டி இதுதான் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியப் போவதில்லை. வண்டிச் சத்தம் கேட்டபோதுகூட அப்படிச் செய்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். முடியாது.

தலை மேற்கே. அது உறுதி, நான்தான் இறக்கி வைத்தேன். அந்தத் தோட்டத்தில் எல்லாரையும் அப்படித்தான் வைக்கிறார்கள், அதனால் இரண்டுக்குமே தலை மேற்கேதான்.

உன் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல். வீட்டுக்கு வா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு இப்போது தைரியம் இல்லை. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷனில் நிற்பேன். சாம்சன் உன்னைக் கூட்டிவருகிறேன் என்கிறான். உன்னால் முடியவில்லை என்றால் அதற்கடுத்த ஞாயிறும் நிற்பேன். அதற்கும் அடுத்ததும். குளிக்காமல் வந்தாலும் சரி, தலை வாராமல் வந்தாலும் சரி. வழியில் படுக்க வேண்டும் என்றால் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக்கொள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

அதுவரை அத்தை கொடுக்கும் கஞ்சியில் ஒரு வாயாவது இறங்கட்டும். கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். என்னைவிட அவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தேன். இரண்டு மேட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். தனியாக என்னால் இன்னொரு தடவை முடியாது. வா ஜெனி.

பென்னி